டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு புதுக் குடித்தனம்

மாலை ஆறரை மணிக்கு வாசல் விளக்கைப் போடுங்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் கீழே உட்காருங்கள். பேச்சு வேண்டாம், கைபேசி வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், இதோ ஆரம்பமாகப் போகிறது! முதலில் இரண்டு கொசு வரும். அப்புறம் ஒரு சின்ன அந்துப்பூச்சி வந்து விளக்கில் முட்டும். அதற்கடுத்து டியூப்லைட் பட்டியின் மேல்விளிம்பில் ஒரு மூக்கு தெரியும். மூக்கு மட்டும்தான். உடம்பு முழுக்க இன்னும் பட்டிக்குப் பின்னால்தான் இருக்கும். அந்த மூக்கை ஒரு தடவை பார்த்துவிட்டால் எழுந்து உள்ளே போக மனசே வராது!

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வாசலுக்குப் புதிதாக ஒரு பல்லி வந்திருக்கிறது. குட்டிதான். வாலோடு சேர்த்தால் சுண்டுவிரல் நீளம் தேறும். வெங்காயச் சாக்கோடு வந்ததா, கொடியில் கிடந்த துணியோடு வந்ததா, யாருக்கும் தெரியாது. "வெரட்டிராதிய அண்ணாச்சி, அதுவா வந்தது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. விரட்டுவதா! அதைச் செல்லமாக வளர்க்க முடிவு செய்தாயிற்று. கூண்டு கிடையாது, கண்ணாடித் தொட்டி கிடையாது, பைசா செலவு கிடையாது.

வெளிநாடுகளில் பல்லி வளர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. லெப்பர்ட் கெக்கோ, கிரெஸ்டட் கெக்கோ என்று இனம் பார்த்து வாங்குவார்கள். புதுப் பல்லி வீட்டுக்கு வருவதற்கு முன்பே தொட்டி தயாராகிவிடும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு பொந்து. அடியில் சூடேற்றும் தகடு, அதைக் கண்காணிக்க வெப்பமானி. மாலையில் தண்ணீர் தெளிப்பு. இரையாகப் போடும் சிள்வண்டு மேல் கால்சியம் தூள். இவ்வளவும் செய்துவிட்டு, முதல் ஒன்றிரண்டு வாரம் பல்லியைக் கையால் தொடாமல் இருப்பார்கள். இடம் மாறிய பல்லி பயத்தில் சாப்பிடாது, வெளியே வராது. அதன் போக்கில் விட்டால்தான் தேறும். பல்லி வளர்ப்பில் கைதேர்ந்தவர்கள் சொல்லும் முதல் பாடமே இதுதான்: சும்மா விடு.

இப்போது இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தூத்துக்குடியின் ஒரு பழைய வீட்டுக்குள் வாருங்கள். எல்லாமே இருக்கிறது!

ஒளிந்துகொள்ளப் பொந்தா? இந்த ஊரின் பழைய வீடுகள் பலவற்றின் சுவரே பவளக்கல். மன்னார் வளைகுடாவிலிருந்து வெட்டி எடுத்துவந்த பவளப்பாறையைக் கல்லாக அடுக்கி, பவளத்தையும் சிப்பியையும் சுட்ட சுண்ணாம்பால் பூசியிருப்பார்கள். கடலுக்குச் செய்தது பெரிய பாவம்தான். 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பட்டியலில் ஏறிய பிறகுதான் அந்த வெட்டுக்குக் கடிவாளம் விழுந்தது. ஆனால் ஏற்கெனவே எழுந்து நிற்கிற சுவர் இருக்கிறதே, பூச்சு உதிர்ந்த இடத்தில் உற்றுப் பாருங்கள். கல் முழுக்கத் துளை. ஒரு காலத்தில் கடலுக்கடியில் பவள உயிர்கள் குடியிருந்த துளை அது. இன்றைக்கு அந்தச் சுவரின் சந்துபொந்துகளில் பல்லிக்குஞ்சு பகல் தூக்கம் போடுகிறது!

சூடும் குளிரும் வேண்டுமா? மேற்குச் சுவர் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு நள்ளிரவு வரை வெதுவெதுப்பாக இருக்கும். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் சுவர் ஜில்லென்றிருக்கும். பல்லிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கத் தெரியாது. அதனால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தே சரிசெய்துகொள்ளும். ஈரப்பதத்துக்குக் கடல்காற்று இருக்கிறது. தோல் உரிக்கும் சமயத்தில் இந்த ஈரம் ரொம்ப முக்கியம். காற்று வறண்டிருந்தால் பழைய தோல் விரல்நுனியில் இறுகி விரலே போய்விடலாம். நம் ஊர்ப் பல்லி நிம்மதியாகத் தோலை உரித்து, அதைத் தானே தின்றும் விடும். ஆமாம், தின்றுவிடும்! அதனால்தான் பாம்புச் சட்டையைப் பார்த்தவர்கள்கூடப் பல்லிச் சட்டையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது எது என்று தெரிந்துகொள்ள ஒரு டார்ச் போதும். வெளிறிய உடம்பும், வாலில் வரிசையாகச் சின்னச் சின்ன முள்ளும் இருந்தால் ஹெமிடாக்டைலஸ் ஃப்ரினேட்டஸ். 'சிக்... சிக்... சிக்' என்று வீட்டையே அதிரவைப்பது அதுதான். முதுகில் கரும்புள்ளியும் சொரசொரப்பும் இருந்தால் பார்விமாக்குலேட்டஸ். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் புள்ளிப் பல்லி. வேப்பமரத்தில் பட்டையோடு பட்டையாக அப்பிக்கொண்டிருக்கும் பெரிய பல்லி என்றால் லெஷனோல்டி. புதுச்சேரியில் தங்கிச் செடிகொடிகளைச் சேகரித்த லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

முதல் இரண்டும் சாதாரண ஆள்கள் இல்லை. கப்பலேறி உலகம் சுற்றியவை! தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவை. இப்படிப்பட்ட சரக்கோடுதான் வீட்டுப் பல்லிகள் கடல் கடந்தன. ஃப்ரினேட்டஸ் பல்லி ஆஸ்திரேலியாவில் டார்வின், பிரிஸ்பேன் போன்ற துறைமுக ஊர்களைப் பிடித்தது. பசிபிக் தீவுகளில் இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கப்பலும் விமானமும் பெருகியபோது தீவு தீவாகப் பரவி, அங்கே முன்பே இருந்த சின்னப் பல்லிகளை விளக்கடியிலிருந்து துரத்தியது. நம் புள்ளிப் பல்லியோ அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரம் வரை போய்விட்டது. இதற்கு ஒரு ரகசியம் உண்டு. பெண் பல்லி ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் உடம்புக்குள் சேமித்து வைக்கும். சரக்கு மூட்டைக்குள் ஒரே ஒரு தாய்ப்பல்லி மாட்டிக்கொண்டாலும் போதும், இறங்கிய ஊரில் ஒரு வம்சமே தொடங்கிவிடும்!

ஒரு பல்லி புது இடத்தில் எப்படிக் காலூன்றுகிறது? இதைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதலில் அது விளக்குப் பக்கமே வராது. ஏனென்றால் விளக்கடிக்கு ஏற்கெனவே ஒரு பெரியவர் இருப்பார். தடித்த வால், அகன்ற தலை, நல்ல குரல். பூச்சி அதிகம் விழும் இடம் அவருக்குத்தான். குட்டி நெருங்கினால் வாலை மெல்ல நெளித்து எச்சரிப்பார், அதற்கும் கேட்காவிட்டால் பாய்வார். எங்கள் குட்டி ஆரம்பத்தில் மின்மீட்டர் பெட்டி ஓரத்திலேயே நின்றது. வழிதவறி வரும் கொசுவை மட்டும் பிடித்துக்கொண்டது. அப்புறம் ஜன்னல் சட்டம் வரை வந்தது. அப்புறம் விளக்குப் பட்டியின் மறுகோடி. இப்போது இருவரும் ஆளுக்கொரு கோடி. ஒரு கோடியில் ஈசல் மொய்த்தால் மறுகோடி ஆள் எட்டிப் பார்ப்பதோடு சரி. என்ன நாகரிகம்!

பல்லி தங்கிவிட்டதா என்பதை அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. அதன் எச்சத்தைப் பாருங்கள். கறுப்பாக, ஒரு முனையில் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளை யூரிக் அமிலம். தண்ணீரை வீணாக்காமல் கழிவை வெளியேற்றும் உடம்பு அதற்கு. எச்சம் தினமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தால் உங்கள் விருந்தாளி முகவரி எழுதிக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பழைய செய்தித்தாளை அந்த இடத்தில் விரித்துவிடுங்கள், வேலை முடிந்தது.

இனி கிட்டே போய்ப் பார்ப்போம். ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் பல்லி நிற்கும்போது உள்ளிருந்து அதன் பாதத்தைப் பாருங்கள். விரலடியில் மடிப்பு மடிப்பாக வரி தெரியும். அந்த வரிகளில் கண்ணுக்கே தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. டோகே என்ற பெரிய பல்லியின் ஒரே பாதத்தில் ஏறத்தாழ 5 லட்சம் மயிர் என்று 2000-இல் கெல்லர் ஆட்டமும் அவரது குழுவும் எழுதினார்கள். ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்காகப் பிளந்திருக்கும். பசை கிடையாது, உறிஞ்சு தட்டு கிடையாது. அந்த நுனிகள் சுவரின் மூலக்கூறுகளை மிக மிக நெருங்குவதால் எழும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்புதான் முக்கியமாகப் பல்லியைத் தாங்குகிறது. விரல்நுனியை மேல்நோக்கிச் சுருட்டினால் பிடி விடும், விரித்தால் ஒட்டும். ஓடும்போது இதை நொடிக்குப் பல தடவை செய்கிறது! துறைமுகத் தூசியும் உப்பளத்துக் காற்றும் படியும் ஊரில் பாதம் அழுக்காகாதா? ஆகும். ஆனால் நடக்க நடக்க அந்த அழுக்கு தானே உதிர்ந்துவிடும் என்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. பல்லியைத் தோற்கடிக்கும் பரப்பு ஒன்று உங்கள் சமையலறையில் இருக்கிறது. தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லான்! அது காய்ந்திருந்தால் பல்லிக்குப் பிடி கிடைக்காது.

கண்ணையும் பார்த்துவிடுங்கள். வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமை இல்லை. தூசி விழுந்தால் நாக்கை நீட்டிக் கண்ணையே துடைத்துக்கொள்ளும். முதல் தடவை பார்க்கும் குழந்தை கைதட்டிச் சிரிக்காமல் இருக்காது. (லெப்பர்ட் கெக்கோவுக்கு இமை உண்டு, ஆனால் ஒட்டும் பாதம் கிடையாது. பல்லிக் குடும்பத்தில் அது ஒரு தனி ரகம்.) ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் ஓர் இரவுப் பல்லியை வைத்துச் சோதித்தார்கள். நமக்கு எல்லாமே சாம்பலாகத் தெரியும் மங்கிய நிலா வெளிச்சத்தில் அது நீலத்தையும் சாம்பலையும் பிரித்துச் சொன்னது. நமக்கு இருட்டு, அதற்கு வண்ணப்படம்!

இப்போது, முத்துக்கு வருவோம். தூத்துக்குடியில் எந்தப் பேச்சும் அங்கேதானே வந்து நிற்கும்?

விளக்கு பின்னாலிருந்து விழும்போது தாய்ப்பல்லியின் வயிற்றைப் பாருங்கள். மெல்லிய தோல் வழியாக இரண்டு வெள்ளை உருண்டைகள் தெரியும். முட்டைகள்! ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு. சாமி படத்துக்குப் பின்னால், பூட்டாத பூட்டின் துவாரத்தில், பரணில் கிடக்கும் புத்தகத்தின் முதுகிடுக்கில் இட்டுவிட்டுப் போகும். பாம்பு முட்டையும் ஓணான் முட்டையும் தோல்போல மெத்தென்றிருக்கும். வீட்டுப் பல்லி முட்டைக்கோ கெட்டியான ஓடு. வெள்ளை வெளேரென்று, கொஞ்சம் பளபளப்பாக, கையில் எடுத்தால் முத்துதான். எடுக்காதீர்கள், சொல்லிவைக்கிறேன். கெட்டியானாலும் நொறுங்கக்கூடியது.

முத்து என்று சும்மா அழகுக்குச் சொல்லவில்லை. முத்தும் இந்த ஓடும் அடிப்படையில் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். சிப்பி அதைக் கடல்நீரிலிருந்து எடுக்கிறது, பல்லி அதைப் பூச்சியிலிருந்து எடுக்கிறது. போதாத காலத்துக்குச் சேமிக்கவும் செய்கிறது! சில பெண் பல்லிகளின் கழுத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நோய் என்று பயப்பட வேண்டாம். உள்காதோடு சேர்ந்த பைகள் அவை. உள்ளே சுண்ணாம்புச் சத்து. முட்டை ஓடு கட்டும் சமயத்தில் அங்கிருந்து எடுத்துச் செலவழிக்கும். வெளிநாட்டுக்காரர்கள் கடையில் வாங்கித் தூவும் கால்சியம் தூளை நம் வீட்டுப் பல்லி கழுத்திலேயே வைத்திருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போங்கள். பவளக்கல் கால்சியம் கார்பனேட். சுவரில் பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்து இறுகி, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகவே ஆகிவிடுகிறது. ஆக, இந்தக் கரையில் பவளச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, அந்தச் சந்தில் பல்லி முட்டை, வீட்டுப் பெட்டியில் பாட்டியின் முத்துத்தோடு, எல்லாமே ஒரே பொருள். இதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது! தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் நடந்த முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. 1973-இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமி தூத்துக்குடியில் செயற்கை முறையில் உருண்டை முத்தை விளைவித்தது இந்தியாவே கொண்டாடிய சாதனை. வீட்டுச் சுவரிலோ யாருடைய உதவியும் இல்லாமல் வருடா வருடம் விளைச்சல் நடக்கிறது. ஒன்றரை இரண்டு மாதத்தில் ஓடு உடைந்து குஞ்சு வரும். தாய் பக்கத்தில் இருக்காது, தேவையும் இல்லை. பிறந்த அன்றைக்கே சுவரேறும், பிறந்த அன்றைக்கே பதுங்கத் தெரியும்.

பல்லியோடு இந்த மண்ணுக்கு உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. முத்துத் துறையான கொற்கை பாண்டியர்களுடையது. பாண்டியன் உக்கிரப்பெருவழுதி பாடியதாக நற்றிணையில் 98-ஆம் பாட்டு இருக்கிறது. தினைப்புனத்துக்குள் நுழையப் போன காட்டுப்பன்றி ஒன்று, பல்லி சொல்லக் கேட்டு, சகுனம் சரியில்லை என்று மெல்லப் பின்வாங்குகிறது. ஒரு பல்லியின் குரலை அந்த அரசன் எவ்வளவு கவனித்துக் கேட்டிருந்தால் அதைப் பாட்டில் வைத்திருப்பான்! காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வருகிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. தினசரி நாட்காட்டியில் பல்லி விழும் பலன் அச்சிட்டிருக்கும். அதே நாட்காட்டியைத் தூக்கிப் பார்த்தால் பின்னால் பல்லி. இதைவிட நெருக்கம் வேறென்ன வேண்டும்?

பயம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பல்லி விஷம் என்று நம்புகிறோம். நம் வீட்டுப் பல்லிகளுக்கு விஷம் கிடையாது. ஆனால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதன் எச்சத்திலும் உடம்பிலும் இருக்கலாம். ஆகவே பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிடத்தான் வேண்டும். குழம்பையும் பாலையும் குடிதண்ணீர்ப் பானையையும் மூடி வையுங்கள், தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பல்லிக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

வாலைப் பிடித்து இழுக்கும் விளையாட்டும் வேண்டாம். வால் எலும்பில் உடைவதற்கென்றே இடம் வைத்திருக்கிறது. அறுந்த வால் துடிப்பதைப் பார்க்கிற நேரத்தில் பல்லி தப்பிவிடும். ஆனால் வாலில்தான் அதன் கொழுப்புச் சேமிப்பு. திரும்ப முளைக்கும் வாலுக்குள் எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான். புதிதாக வந்த குட்டிக்கு வால் போவது கையிருப்பு முழுக்கப் போவது.

புதுப் பல்லிக்கு நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் உயிர் காக்கும் வேலை. ஏசியின் வெளிப்பெட்டியிலும் இன்வெர்ட்டர், சுவிட்ச் பலகைகளிலும் உள்ள ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். "போர்டைக் கழட்டினா உள்ள பல்லி கருகிக் கெடக்கும் சார்" என்று மின்வேலைக்கு வரும் தம்பி எப்போதும் சொல்வார். வெதுவெதுப்பைத் தேடிப் போய் மின்கம்பிகளுக்குக் குறுக்கே கால் வைத்துவிடுகிறது. ஒரு துண்டுக் கம்பிவலை அதையும் காக்கும், உங்கள் பணத்தையும் காக்கும். இரவில் கதவைச் சாத்தும்முன் கீல் இடுக்கை ஒரு பார்வை பாருங்கள். கரப்பான் மருந்து அடித்தால், மருந்து தின்ற பூச்சியைப் பல்லி தின்னும் என்பது நினைவிருக்கட்டும். எலிக்கு வைக்கும் ஒட்டு அட்டைதான் எல்லாவற்றிலும் கொடுமை. அதில் பல்லி மாட்டியிருந்தால் பிய்த்தெடுக்காதீர்கள். தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பஞ்சால் மெல்லத் தள்ளினால் விடுபட்டுவிடும்.

கடையில் அழகாக ஒரு வெளிநாட்டுப் பல்லி பார்த்தேன், வாங்கலாமா என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் கிரெஸ்டட் கெக்கோவின் சொந்த ஊர் நியூ கலிடோனியா. அழிந்துபோய்விட்டது என்று நினைத்திருந்து 1994-இல்தான் மறுபடி கண்டார்கள். வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் தாங்காது. தூத்துக்குடி மே மாதத்தில், மின்சாரம் போன ஒரு மதியத்தில் அதன் கதி என்ன? டோகே பல்லியோ பொய் மருத்துவக் கதைகளுக்காகக் கடத்தப்பட்டுக் கடத்தப்பட்டே, 2019-இல் சைட்டீஸ் எனும் உலக வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது. அந்த ஒப்பந்தப் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் இந்தியாவின் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வந்து தொட்டியில் அடைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

பல்லி வளர்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு ஒரு நோட்டும் டார்ச்சும் வாங்கிக் கொடுங்கள். எந்தப் பல்லி எந்தக் கோடியில் நிற்கிறது, எத்தனை பூச்சி பிடித்தது, எப்போது தோல் உரித்தது என்று எழுதச் சொல்லுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சாமி படத்தைக் கழற்றினால் பின்னால் முட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த ஒரு சாண் சுவரை இரண்டு மாதம் கழித்து அடித்துக்கொள்ளலாம்.